ரம்பத்தின் பாட்டில் சத்தம் வரும் நேரம்

1997
பிப்ரவரி 4: 4,902
பிப்ரவரி 18: 3,546
மார்ச் 4: 3,528
மார்ச் 18: 3,540
ஏப்ரல் 1: 3,534
ஏப்ரல் 15: 3,522

இவை ரூபாய்க் கணக்கு அல்ல. மாலை ஆறு முதல் ஏழு வரை, நிமிடத்துக்கு ஒன்றாக ஒலிமானியில் பார்த்துக் குறித்த அறுபது அளவுகளின் கூட்டுத்தொகை. அளவு டெசிபலில். தொகை 3,600-ஐ ஒரே ஆண்டில் இரண்டு முறை தாண்டினால் அந்தக் கட்டடத்தில் இனி வாத்தியம் வாசிக்க முடியாது. கதவுக்குச் சீல் வைத்துவிடுவோம். நகராட்சியின் ஒலி அளவுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இந்த வேலையைத்தான் பார்த்தேன். முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் நடுவே உள்ள பதினான்கு நாளில் ரம்பம் ஒரு தந்திரம் செய்தாள். அதனால் அவள் தங்கை கிட்டத்தட்டச் செத்துப்போனாள்.

கிரஞ்ச் என்ற இசையை இதுவரை கேட்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அதை ரம்பத்திடம்தான் கேட்டேன். ஆகவே அவளைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

ரம்பம் என்பது பட்டப்பெயர். அவள் பாடினால் தகரத்தை அறுப்பதுபோல இருக்கும் என்று தெருக்காரர்கள் வைத்தது. தொழில், மோட்டார் காயில் கட்டுவது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உளியால் வெட்டி எடுத்து, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைப்பது. பன்னிரண்டு வயதில் அப்பா அவளை அந்த மேசையில் உட்கார வைத்தார். எண்ணிக்கையில் ஒரு சுற்று தப்பினால் மோட்டார் பெல்ட்டால் ஒரு அடி. இரண்டு தப்பினால் இரண்டு. கணக்கில் கறாரான மனிதர்.

அவளுக்குப் பதினேழு நடக்கும்போது, பதினொரு வயதுத் தங்கையையும் அதே மேசைக்கு இழுத்து வந்து உட்கார வைத்துப் பெல்ட்டை எடுத்தார். ரம்பம் சுத்தியலால் அவர் தோளில் ஒன்று போட்டாள். காறை எலும்பு இரண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு எட்டு வருடம் அவர் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. அந்த எட்டு வருடமும் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டியவளும் அவள்தான். அவர் போன பின் கீழ்த்தளப் பட்டறை மூத்தவளுக்கும், அதற்கு மேலே இருந்த இரண்டு அறை வீடு தங்கைக்கும் ஆனது. தங்கைக்குக் கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர்களிடம்கூட அதட்டிப் பேசமாட்டான். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும்.

இசை அவளுக்கு வந்தது ஒரு டேப்ரிக்கார்டரின் வயிற்றில். மோட்டார் ஓடவில்லை என்று யாரோ கொடுத்துவிட்டுப் போய்த் திரும்ப வரவே இல்லை. உள்ளே ஒரு கேசட். அதன்மேல் பேனாவால் கிரஞ்ச் என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்கு அழுக்கு, கசடு என்று பொருள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஆண்டில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு துறைமுக நகரத்தில், எண்பதுகளின் கடைசியில் கிளம்பியது. கையில் காசில்லாத பையன்களும் பெண்களும் பழைய துணிக்கடையில் வாங்கிய கட்டம்போட்ட சட்டையோடு மேடை ஏறி, மூன்று வாத்தியத்தை வைத்துக்கொண்டு அடித்து நொறுக்கினார்கள். இதெல்லாம் அவளுக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குப் பட்டறையில் கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒரே வாக்கியம்.

“இவன் பாடல. இவனை யாரோ நல்லா அடிச்சிருக்காங்க.”

ஒரு பழைய மின்கிட்டாரை வாங்கினாள். அதில் கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தமும் அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய கம்பிச் சுற்றும் இருக்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது அதுதான். எண்ணாயிரம் சுற்று இருந்தால் போதும். அவள் அதைப் பிரித்துப் பதினோராயிரம் சுற்றினாள். அதோடு ஒலி தடித்தது, கறுத்தது, ஓரமெல்லாம் பிசிறு தட்டியது. கிரஞ்ச் கேட்கும்போது கிட்டார் கெட்டுப்போனதோ என்று உங்களுக்குத் தோன்றினால் சரியாகத்தான் கேட்கிறீர்கள். கெட வைத்துத்தான் வாசிக்கிறார்கள்.

டிரம் வாசித்தவர் அடுத்த தெரு இறைச்சிக் கடைக்காரர். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. அடித்தொனிக் கிட்டார் வாசித்தவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர்; வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் மௌனசாமி. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் புதனும், மாலை ஆறிலிருந்து ஏழு.

ஜனவரியில் எங்கள் அலுவலகத்துக்கு அந்தக் கட்டடத்தின் மாடியிலிருந்து புகார்ப் படிவம் வந்தது. பிப்ரவரி 4 அன்று போனேன். புகார் வந்த வீட்டு வாசலில், படிக்கட்டுத் தளத்தில், முக்காலியை நிறுத்தி ஒலிமானியை வைக்க வேண்டும் என்பது விதி. அறுபது அளவும் எடுத்து முடித்து, பட்டறைக்குள் போய்த் தொகையைச் சொன்னேன்.

“யோவ், யாருய்யா நீ?” என்றாள் ரம்பம்.

“ஒலி அளவுப் பிரிவும்மா. இன்னொரு தடவை தாண்டினா சீல்.”

அவள் என்னைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போய் முக்காலியை ஒரு உதை விட்டாள். ஒலிமானி பதினாறு படியும் உருண்டு வந்து கண்ணாடி உடைந்து நின்றது. இறைச்சிக் கடைக்காரர் அவளை இடுப்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டார். காலை ஆட்டிக்கொண்டே கத்தினாள்: “சத்தமாம் சத்தம்! நாள் பூரா மோட்டார் ஓடுதே, அது உங்க காதுக்குத் தாலாட்டா?”

“மோட்டாருக்குத் தனி விதிம்மா” என்றேன்.

மௌனசாமி குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 18-இல் தொகை விழுந்துவிட்டது. ஆனால் என் காது ஒன்றும் குறைவாகக் கேட்கவில்லை. மார்ச் 4 அன்றுதான் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். “யோவ்” போய் இப்போது நான் “சார்” ஆகியிருந்தேன்.

“சார், நீங்க ஊசியை எப்போ பாக்குறீங்க?”

“நிமிஷம் முடியும்போது.”

“அதான். நிமிஷம் முடியும்போது நாங்க மெதுவா வாசிப்போம். அந்தா பாருங்க கடிகாரம். நாப்பத்தஞ்சாவது செகண்டுல இறங்குவோம். அடுத்த நிமிஷம் பதினஞ்சாவது செகண்டுல ஏறுவோம். நடுவுல நீங்க பாத்து எழுதிக்கிட்டுப் போயிடுவீங்க.”

இறைச்சிக் கடைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “சாருக்காகவே பாட்டை வெட்டித் தச்சிருக்கு பாருங்க!”

விதியில் நிமிடம் முடியும்போது என்றுதான் இருந்தது. எழுதிக்கொண்டேன்.

கிரஞ்ச் பாட்டுக்கு இந்த அமைப்பு பொருந்தி வந்தது தற்செயல் அல்ல. மெதுவாகத் தொடங்கும், ஒரு கிட்டார் மட்டும் முனகும், குரல் காதோரம் பேசுவதுபோல வரும். பிறகு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எல்லாம் ஒன்றாக விழும். மறுபடி முனகல். மறுபடி அடி. புதிதாகக் கேட்பவர்கள் மெதுவான இடத்தில் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு பிறகு துள்ளி எழுவார்கள். ஏன் இப்படி என்று ரம்பத்தைக் கேட்டேன்.

“கேக்குறவன் காதைப் பக்கத்துல கொண்டாரணும் சார். தூரத்துல இருக்கிறவனை எப்படி அறையிறது?”

அவள் பாட்டில் மெதுவான முனகல் நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றுக்குச் சத்தம். முப்பது வினாடி. கடிகாரம் பார்த்து வாசித்ததால் ஒரு வினாடி பிசகாது. அந்தக் கட்டடத்தில் இருந்த யாரும் அடுத்த சத்தம் எப்போது வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

புகார்கள் நிற்கவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏழு படிவம். ஏழும் ஒரே கையெழுத்து, ஒரே வாக்கியம்: “சத்தமாக இருக்கும்போது வீட்டுக்குள் வந்து அளக்கவும்.” ஏழுக்கும் நான் பதில் அனுப்பினேன்: “விதிப்படி படிக்கட்டுத் தளத்தில்தான் அளக்க முடியும்.” ஏப்ரல் 1 அன்று முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது கதவு மூன்று விரல் அகலத்துக்குத் திறந்தது. தங்கை. ஒரு காதில் பஞ்சு.

“சார், உள்ள வந்து பாக்கக் கூடாதா?”

“கூடாதும்மா. விதி அப்படி.”

அவளுக்குப் பின்னால் கணவன் குரல், இதமாக. “யாரும்மா? ஓ, சாரா! சாருக்குத் தண்ணி குடு.” அவனே தண்ணீரோடு வந்தான். “சத்தம் தாங்காம காதுல பஞ்சு வச்சுக்கிறா சார். அவ அக்காவாச்சேன்னு நான் பொறுத்துக்கிறேன். புகாரை எழுதுறது இவதான். எழுதுன்னு நான்தான் சொன்னேன், தபால்லயும் நானே போட்டுட்டு வர்றேன்.”

அவள் எழுதி வெளியே போக அவன் விட்ட காகிதம் அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஏப்ரல் 29 அன்று எங்களுக்குப் புதுக் கருவி வந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை அல்ல; ஒலி ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு பேனா, நீளக் காகிதத்தில் விடாமல் வரைந்துகொண்டே போகும். அன்று மாலையே அதை மாடி வாசலில் வைத்து அளந்தேன். ரம்பத்தின் தந்திரம் இனிச் செல்லாது என்று சொல்வதற்காகவே மறுநாள் புதன்கிழமை, நாலரை மணிக்கு, காகிதத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மேசையில் விரித்தோம். முப்பது வினாடிக்கு ஒரு மேடு, முப்பது வினாடிக்கு ஒரு பள்ளம், ஒழுங்காக. ஆனால் சில மேடுகளின் உச்சியில் ஊசிபோல மெல்லிய கோடுகள் தனியாக எழும்பி நின்றன. எண்ணினேன். பதினேழு. பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை.

“இது உங்க டிரம்தானே?” என்று இறைச்சிக் கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். “இல்ல சார். நான் அடிச்சா வேலி நட்ட மாதிரி சமமா விழும். இது கண்ட இடத்துல விழுந்திருக்கு. என்னுது இல்ல.”

“அப்போ யாருது?” என்றாள் ரம்பம்.

கருவி மாடி வாசலில் இருந்தது. கீழே இருக்கும் டிரம்மைவிட உயரமாகக் காட்ட வேண்டுமானால் அந்த ஒலி கருவிக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மௌனசாமி கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினார்.

புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. பையிலிருந்து ஏழு படிவத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். ரம்பம் தங்கையின் கையெழுத்தை முதல் படிவத்திலேயே கண்டுகொண்டாள். ஏழையும் படித்தாள்.

“ஏழு தடவை உள்ள வாங்கன்னு எழுதியிருக்கா.”

“ஆமா.”

“நீங்க போகல.”

“போகல.”

என் கன்னத்தில் விட்டாள் ஒன்று. என் மூக்குக்கண்ணாடி மேசைக்கு அடியில் போய் விழுந்தது. பிறகு படியேறி ஓடினாள், நாங்களும் போனோம். கதவுக்கு வெளியே பூட்டுத் தொங்கியது. தட்டினாள்.

உள்ளேயிருந்து தங்கை: “ஒண்ணுமில்லக்கா. நீ போக்கா. அவர் வர்ற நேரம்.”

“உன்னை அடிக்கிறானாடி?”

“போக்கா. நீ வந்தது தெரிஞ்சா இன்னிக்கு அதுக்கும் சேர்த்து விழும்.”

அதற்குள் தெருவில் பயிற்சிப் பள்ளிக் கார் வந்து நின்றது. இறங்கி வந்துவிட்டோம். இறைச்சிக் கடைக்காரருக்கு அங்கேயே அவனை வெட்டிப் போட வேண்டும் என்றிருந்தது. “அவ காதுக்கும் நம்ம சத்தம்தான் காரணம்னு சொல்லித் தப்பிச்சுடுவான். நாலு பேர் காதுல விழணும்” என்றாள் ரம்பம். எந்தெந்த நிமிடத்தில் எத்தனை ஊசி என்று காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அடிப்பது வெளியே கேட்காதபடி அவள் வாசித்துக் கொடுத்த நிமிடங்கள்.

ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். வழக்கம்போலவே பதினாறு நிமிடம் வாசித்தார்கள். நான் படிக்கட்டுத் தளத்தில் நின்றேன். பதினேழாவது நிமிடம். முனகல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதினைந்தாவது வினாடியில் சத்தம் விழ வேண்டும். மூவரும் கையை எடுத்துவிட்டார்கள்.

கட்டடம் முழுக்க அமைதி. அந்த அமைதியின் நடுவில், சதைமேல் இரும்பு விழும் ஓசை. ஒரு அலறலின் பாதி. பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அதே பொறுமையான குரல்: “எந்திரி. இன்னும் முடியல.”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்துக் கடையில் ஒருவர் எழுந்து நின்றார்.

ரம்பம் கிட்டாரைக் கழற்றாமலே என்னைத் தாண்டி ஏறினாள். பிடுங்கிக்கொண்ட வயர் பின்னால் படிப்படியாக இழுபட்டு வந்தது. இறைச்சிக் கடைக்காரர் தோளால் இரண்டு முறை மோதியதும் கதவு சட்டத்தோடு விழுந்தது. தங்கை சமையலறைத் தரையில் கிடந்தாள், காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கையில் காரின் ஸ்டியரிங்கைப் பூட்டுகிற இரும்புத் தடி.

“இது புருஷன் பொண்டாட்டி விஷயம்” என்றான்.

கிட்டாரை இரண்டு கையாலும் பிடித்துத் தாடையில் அடித்தாள். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. அவன் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான். இடையில் போன அவள் இடது கை அதில் சிக்கியது. மறுபடி மறுபடி கதவை அந்தக் கைமேல் சாத்தினான். மூன்று விரல் நொறுங்கிற்று. அவள் தோளால் தள்ளி உள்ளே போனாள். வலது கையால் இரண்டாவது அடி, மூன்றாவது அடி. விழுந்துவிட்டான். தரையிலிருந்து தங்கை சொன்னாள்: “நிறுத்தாதக்கா.” நான்காவது அடியில் கிட்டாரின் கழுத்து முறிந்தது.

வழக்கு செப்டம்பரில் வந்தது. அவன் வக்கீல் அந்த இசையே வன்முறை என்றார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அதைக் கேட்டால் யாருக்கும் புத்தி பேதலிக்கும் என்றார். நீதிபதி ஏழு படிவத்தையும் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “ஏழு புகார் வந்தப்போ நீங்க என்ன செஞ்சீங்க?”

“ஏழுக்கும் பதில் போட்டேன்.”

நீதிமன்றத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் எத்தனை முறை அடித்தாள் என்று கேட்டார்கள். நான்கு என்றேன். நான்காவது, அவன் விழுந்த பிறகா? ஆமாம். அந்த நான்காவது அடிக்காகத்தான் அவளுக்குப் பதினான்கு மாதம் கிடைத்தது. கைதான நாளிலிருந்து கணக்கு. அவனுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து எட்டு மாதம். சிறைக்குப் பார்க்கப் போனபோது ரம்பம் சொன்னாள்: “நாலுன்னு சரியாத்தான் சொன்னீங்க சார். நான் அஞ்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

கணக்குப்படி அவன் அவளுக்கு முன்னால் வெளியே வருவான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தங்கை விவாகரத்து கேட்டிருந்தாள்; சிறையிலிருந்தே அவன் ஒவ்வொரு நோட்டீஸையும் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினான். அவள் மாடியைப் பூட்டிவிட்டுப் பட்டறையிலேயே தங்கினாள். பாதி காது போயிருந்தது. ஒரு காலத்தில் அப்பா உட்கார வைத்த மேசையில் தானே உட்கார்ந்து காயில் கட்டக் கற்றுக்கொண்டாள். மௌனசாமி தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

1998 ஜூன் 10, மாலை நான்கரை. அவன் வந்தான். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

“வா, வீட்டுக்குப் போலாம். நடந்ததை நான் மறந்துட்டேன்.”

“நான் மறக்கல. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க.”

அவள் முடியைப் பிடித்துத் தலையை இரும்பு மேசையில் மோதினான். மௌனசாமி எழுந்தார். அவர் வாயிலிருந்து தெருக்காரர்கள் முதல்முறையாக ஒரு வார்த்தை கேட்டார்கள்: “டேய்!” அதற்குப் பதிலாக முகத்தில் ஒரு குத்து வாங்கினார், இரண்டு பல் போயிற்று. வாயெல்லாம் ரத்தத்தோடு அவன் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. உதைக்க உதைக்க விடவில்லை. தங்கை கத்தினாள். அன்றைக்குப் பட்டறையில் வாத்தியம் எதுவும் வாசிக்கவில்லை. தெருக்கோடி வரை கேட்டது. முதலில் பக்கத்துக் கடைக்காரர் வந்தார். அப்புறம் எதிர்வீட்டு அம்மாள் கையில் இரும்புக் கரண்டியோடு. இறைச்சிக் கடைக்காரர் வந்து சேரும்போது அவருக்கு அடிக்க இடமே இல்லை என்று இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார். போலீஸ் வந்து அவனைச் சுமந்துதான் கொண்டு போனது. எட்டு சாட்சி. குடும்ப நீதிமன்றத்தில் அதற்குமேல் அவனால் இழுத்தடிக்க முடியவில்லை.

ஜூலையில் ரம்பம் வெளியே வந்தாள். இடது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மடங்கும். இனி எப்படி வாசிப்பாய் என்று கேட்டேன். இருப்பதிலேயே தடித்த கம்பியை இரண்டு அரைச்சுரம் தளர்த்தினாள். அப்படித் தளர்த்திவிட்டால் அடி மூன்று கம்பிகளின் குறுக்கே ஒரே விரலைப் படுக்க வைத்தாலே பல சுரம் சேர்ந்தொலிக்கும் முழுச் சுரக்கட்டு விழுகிறது. கிரஞ்ச் வாசிப்பவர்கள் பலரும், எல்லா விரலும் இருந்தும், இப்படித்தான் செய்கிறார்கள். ஒலி இன்னும் கனமாக, சேற்றில் கால் இழுபடுவதுபோல வருகிறது. நீங்கள் முதலில் கேட்க அந்த ஒலியைத்தான் நான் சொல்வேன்.

தங்கையைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். “வாசிக்கா. ஆனா கடிகாரத்தைப் பாக்காதே” என்றாளாம் தங்கை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள். சத்தம் எப்போது வரும் என்று இப்போது மௌனசாமிக்கே தெரியாது. பழைய கோப்பை வைத்து எங்கள் பிரிவு ஒரு முறை அளந்தது, தொகை 4,870. இன்னொரு தடவை தாண்டினால் சீல் என்று எனக்குப் பின் வந்த அதிகாரி எச்சரித்தார். புகார் கொடுக்க மாடியில் யாரும் இல்லாததால் அவர் மறுபடி வரவில்லை.

பட்டறைக்கு வந்து அடித்ததற்காக அவனுக்கு மூன்று வருடம் கிடைத்தது. குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் தங்கை என்னிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னாள். மொத்தம் பதினான்கு. பதின்மூன்றாவது வரை வாய்தா. திருமணம் முறிந்தது என்ற தீர்ப்பின் நகலோடு பதினான்காவது கடிதம் பட்டறைக்கு வந்து சேர்ந்தது, 1998 நவம்பர் 19, வியாழக்கிழமை.